சுவருக்கு மரியாதை கொடுத்த திருடன்

அத்தியாயம் 4

ஏட்டு தகீல் ஒரு ஆளுக்குக் கைவிலங்கு மாட்டிவிட்டால் அப்புறம் யோசிக்க மாட்டார். அதற்கு முன்பும் யோசிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஜீப் திக்திக்கா மேட்டில் ஏறி நின்றபோது, ஒரு கையில் தேநீர்க் கிளாசும் மறு கையில் சங்கிலியுமாக நின்றுகொண்டிருந்தார். சங்கிலியின் அடுத்த முனையில் மேட்டுக் காவலாளி ஷனாவா இருந்தார்.

"சித் வஸ்ஃபியா, நீங்க இறங்கவே வேண்டாம்" என்றார் ஏட்டு. "கேஸ் முடிஞ்சுபோச்சு. பன்னிரண்டு மணிக்கு வேன் வருது. இவனை ஏத்தி நாஸிரியாவுக்கு அனுப்பிட்டு நான் தூங்கப் போறேன்."

"இப்ப மட்டும் என்ன பண்ணிட்டிருக்கீங்க?" என்றேன் நான்.

ஏட்டு என்னை முறைத்தார். சித் வஸ்ஃபியா சிரிக்கவில்லை, ஆனால் ஜீப்பிலிருந்து இறங்க என் தோளைப் பிடித்தபோது லேசாக ஒரு கிள்ளு கிள்ளினார். நான் சரியாகப் பேசிவிட்டேன் என்று அர்த்தம்.

சித் என்றால் எங்கள் பக்கத்தில் அம்மணி. சித் வஸ்ஃபியா தொல்பொருள் இலாகாவின் துப்பறியும் அதிகாரி. தெற்கே எந்த மேட்டில் எந்த உடைந்த பானை காணாமல் போனாலும், தன் வீட்டுச் சமையலறையில் போனதுபோல் கோபம் வரும் அவருக்கு. நான் சாஸிப். அவருடைய டிரைவர், உதவியாளர், சிகரெட்டுக்குத் தீப்பெட்டி. எங்கள் ஜீப்பில் சித் உட்காருகிற வலது பக்கம் மட்டும் ஏன் இறங்கியிருக்கிறது என்று கேட்பவர்களிடம் சாலை மோசம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

"நான் எடுக்கல சித்" என்றார் ஷனாவா. அவ்வளவுதான் சொன்னார். அதை அன்று காலையிலிருந்து நாற்பது தடவை சொல்லியிருப்பார்போல, குரலில் உயிரே இல்லை.

அவருக்குப் பின்னால் அவருடைய வீடு. மண்செங்கல் சுவர், நாணல் கூரை, வாசலில் ரொட்டி சுடும் மண் அடுப்பு. இலாகா அனுமதியோடு அவர் அப்பா கட்டியது. காவல் வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். வேலை போனால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும், மறுநாளே இடித்துவிடலாம். பிள்ளை பேரை வைத்து ஷனாவாவை அபூ ரசன் என்பார்கள். அவர் மனைவி உம்மு ரசன் அடுப்புக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்ற தோரணையைப் பார்த்தால் இடிக்க வருகிறவனை முதலில் ரொட்டிபோல் அடுப்புக்குள் ஒட்டிவிடுவார் என்று தோன்றியது.

"என்ன காணாமப் போச்சு?" என்றார் சித்.

"காணாமப் போய்க் கிடைச்சும் போச்சு" என்று சொல்லிக்கொண்டே கூடாரத்திலிருந்து வந்தார் டாக்டர் நஜ்தத். பாக்தாதுக்காரர், பதினோரு வருஷமாக இந்த மேட்டைத் தோண்டுகிறவர். சட்டையில் ஒரு பொட்டு மண் இருக்காது. "வியாழக்கிழமை சாயங்காலம் இவன் வீட்டுப் பக்கத்துல ஒரு பழைய பொம்மை அச்சோட விளிம்பு மண்ணுக்கு மேல எட்டிப் பார்த்துது. சனிக்கிழமை முறையா எடுக்கலாம்னு விட்டேன். நான் மட்டும்தான் பார்த்தேன், பக்கத்துல இவன் நின்னான். வெள்ளிக்கிழமை லீவு. நான் நாஸிரியா போயிட்டேன். இன்னிக்குக் காலைல வந்து பார்த்தா அங்க ஒரு குழி. குழிக்குள்ள இவனோட மண்வெட்டி. அச்சு இவன் வீட்டு மாவு மூட்டைக்குள்ள."

"மூட்டை வெளியில அடுப்புப் பக்கத்துலதான் இருக்கும்!" என்று உம்மு ரசன் கத்தினார். "கழுதைகூட வந்து வாய் வைக்கும். நாங்க வெள்ளிக்கிழமை பூரா ஸூக் ஊர்ல இருந்தோம். எங்க சித்தப்பா மௌத் ஆயிட்டார். துக்கம் கேட்க பாத்திஹாவுக்குப் போயிருந்தோம். நூத்தம்பது பேர் பார்த்திருக்காங்க!"

"நூத்தம்பது பேரும் உங்க சொந்தக்காரங்க" என்றார் ஏட்டு. "நீங்க சொன்னா ஃபுராத் நதி மேல நோக்கி ஓடுதுன்னு சத்தியம் பண்ணுவாங்க."

"எந்த நேரத்துல திரும்பி வந்துட்டுப் போனானோ யாருக்குத் தெரியும்?" என்றார் டாக்டர். "துக்க வீட்டுல ஆளை எண்ணிட்டா இருப்பாங்க?"

சித் கையை நீட்டினார். ஏட்டு தன் தொப்பிக்குள்ளிருந்து, அடைகாத்த முட்டையைக் கொடுப்பதுபோல், அச்சை எடுத்துக் கொடுத்தார்.

உள்ளங்கை அளவு சுட்ட மண். உள்பக்கம் குழிந்து, இடம் வலம் மாறி ஒரு உருவம். வளைந்த காலோடு ஒருத்தன் நரம்பு வாத்தியம் வாசிக்கிறான். ஈரக் களிமண்ணை இதில் அமுக்கி எடுத்தால் ஒரு நாளைக்கு நூறு வளைகால் பாட்டுக்காரன். பக்கத்து முகய்யர் மேட்டில் அந்தக் காலத்து ராஜாவும் சாமியும் இருந்தார்கள். அவர்களுக்குப் பானையும் பொம்மையும் சுட்டுக் கொடுத்தவர்கள் இங்கே இருந்தார்கள். புகை ராஜா மூக்கில் ஏறக் கூடாதென்று ஒரு மைல் தள்ளிக் குடிவைத்திருக்கிறார்கள். பொம்மை வண்டி, பொம்மைக் கட்டில், குழல் ஊதுகிற குரங்கு என்று மலிவு விலைச் சரக்காகச் செய்து தள்ளியிருக்கிறார்கள். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய பொம்மைக் கடை வீதி. அதற்காக இன்றைக்கு ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போகப் பார்க்கிறான்.

சித் அச்சைத் திருப்பினார். மூக்கின் அருகே கொண்டுபோனார். அச்சின் கோடுகளுக்குள் நகத்தை விட்டார். பிறகு பின்பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்தார். ஒரு மூலையில், பட்டாணி அகலத்துக்கு, லேசாக ஏதோ மினுங்கியது. அதைப் பார்த்ததும் அவர் கழுத்தின் இரண்டு மடிப்பும் குலுங்கின. சிரித்தால் அப்படித்தான் ஆகும்.

"சாஸிப், இவன் பல்லைப் பாரு."

"பாட்டுக்காரனுக்குப் பல் எங்க சித் இருக்கு?"

"அதான். பல் இல்லாதவனுக்கு யாரோ பல் தேய்ச்சு விட்டிருக்காங்க." அச்சைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "குழியைக் காட்டுங்க."

குழி, வீட்டுச் சுவரிலிருந்து பத்துத் தப்படியில் இருந்தது. மார்பளவு ஆழம். மேல் விளிம்பு கன்னாபின்னாவென்று சிதறியிருந்தது. மண் நாலா பக்கமும் விசிறிக் கிடந்தது. பக்கத்தில் ஷனாவாவின் மண்வெட்டி, பிடியில் அவர் வைத்த சூட்டுக்குறியோடு. பார்த்தவுடன் திருட்டுக் குழி என்று தெரிந்தது. நான் அப்படித்தான் சொன்னேன்.

"இறங்கணும்" என்றார் சித்.

"நான் இறங்கறேன் சித்."

"நீ இறங்கினா குழிக்குள்ள இருக்கற ஒரே அறிவாளி நீயாத்தான் இருப்பே. அது போதாது."

அவரை இறக்க ஏட்டும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்தோம். பாதி தூரத்தில் குழி அவரைப் பிடித்துக்கொண்டது. ஏட்டு வானத்தைப் பார்த்தார். நான் ஷனாவாவைப் பார்த்தேன். கைவிலங்கோடு நின்ற அந்த மனுஷன் முகத்தில்கூட ஒரு கணம் சிரிப்பு வந்து போனது. ஒரு மூச்சை வெளியே விட்டு, சித் தொப்பென்று உள்ளே போனார்.

கீழே நெடுநேரம் சத்தமில்லை. பிறகு தட்டும் ஓசை. முழங்கையால் மண்ணைத் தட்டுகிறார். ஒரு பக்கம் 'பொத்' என்றது. இன்னொரு பக்கம் 'டக்' என்றது.

"சாஸிப்! குனிஞ்சு பாரு. என்ன தெரியுது?"

"நீங்க தெரியறீங்க. வேற எதுக்கும் இடமில்ல."

"என் முதுகுக்குப் பின்னாடி, கழுதை."

பார்த்தேன். மண். முன்னாலும் அதே மண். ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த மண் நேராக, செங்குத்தாக, கத்தியால் வெட்டிய பாலாடைக்கட்டிபோல் நின்றது. கண்ணை இடுக்கிப் பார்த்தால், கட்டம் கட்டமாக ஒரு கோடு. செங்கல். பச்சைச் செங்கல். சுற்றியிருக்கிற மண்ணின் அதே நிறம், அதே மண்.

"சுவரா சித்?"

"சுவர். திருடன் மேலேயிருந்து வர்றான். மண்ணுக்குள்ள மண்ணால ஒரு சுவர். நீயா இருந்தா என்ன பண்ணுவே?"

"எனக்குச் சுவர்னே தெரியாது. போட்டுக் குத்திட்டுப் போயிட்டே இருப்பேன்."

"இவன் குத்தல. சுவர் எங்க ஆரம்பிக்குதோ அங்க நின்னு, அதை உரசாம, ஒரு செங்கல் மூலைகூட உதிராம, அதோட பக்கவாட்டுல இறங்கியிருக்கான். திருடன் சுவருக்கு மரியாதை பண்ணியிருக்கான், சாஸிப். பெரிய மனுஷன் வீட்டுல செருப்பைக் கழட்டிட்டு உள்ள போற மாதிரி." அவர் மேலே பார்த்தார். முகம் சிவந்திருந்தது. "இதை மண்வெட்டியால செய்ய முடியாது. சின்னப் பிக்காசு வேணும். அப்புறம் காது வேணும். பிக்காசு மண்ணுல பட்ட சத்தத்தை வச்சே இது விழுந்த மண், இது வச்ச மண்ணுன்னு பிரிக்கற காது."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அந்தக் காது இந்த மேட்டில் மூன்றே ஜோடிதான் உண்டு. ஷிர்காத்துக்காரர்கள். வடக்கே திஜ்லா நதிக்கரையில் இருக்கிற ஊர். எந்த மேட்டைத் தோண்டினாலும் பிக்காசு பிடிக்க அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் தெற்கத்தி ஆட்கள் மண் கூடை சுமக்க வேண்டியதுதான். அந்த மூன்று பேரும் எங்களைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, நாங்கள் பிறந்ததே கூடையோடுதான் என்பதுபோல இருக்கும். எனக்கு அவர்களைப் பிடிக்காது என்பதை மறைக்கப் போவதில்லை.

"அப்ப மூணு பேர்ல ஒருத்தன்" என்றேன், கொஞ்சம் சந்தோஷமாகவே.

"தோண்டினவன் மூணு பேர்ல ஒருத்தன். திருடினவன் யாருன்னு நான் இன்னும் சொல்லல. என்னை மேல இழு."

இழுத்தோம். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று சித் பிற்பாடு கேட்டுக்கொண்டார்.

மணி பதினொன்று. சித் எல்லோரையும் குழியைச் சுற்றி வரச் சொன்னார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்று ஷிர்காத்துக்காரர்களும் வந்தார்கள். முன்னால் அவர்களுடைய தலைமை மேஸ்திரி, உஸ்தா ஹுமைதி. அறுபது வயது, நரைத்த மீசை, தோளில் எப்போதும் இருக்கிற அந்தச் சின்னப் பிக்காசு. பதினோரு வருஷமாக டாக்டரின் வலது கை. பதினோரு வருஷமாக மூன்று வேளையும் உம்மு ரசனின் ரொட்டி. அவர் ஷனாவா நின்ற பக்கம் திரும்பவில்லை. காலையிலிருந்தே திரும்பவில்லை என்று ஏட்டு சொன்னார்.

உம்மு ரசன் எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தார். வீடு போகிற நேரத்திலும் விருந்தாளிக்குத் தேநீர் கொடுக்காமல் இருக்க அவருக்குத் தெரியாது. டாக்டருக்கு மட்டும் சர்க்கரை போடவில்லை என்பதை நான் கவனித்தேன்.

சித் தேநீரை உறிஞ்சிவிட்டு, குழிக்குள் எட்டிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏட்டு, உங்க கேஸ் சரிதான். இது காவக்காரன் வேலைதான்."

ஷனாவாவின் முகம் செத்துப்போனது. எனக்கே திக்கென்றது.

"உள்ள ஒரு சுவர் இருக்கு" என்று சித் தொடர்ந்தார், சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற அலட்சியத்தோடு. "நல்ல சுவர். எந்த மடையனோ கண்மண் தெரியாம தோண்டி, அதுல அரைச் செங்கல்லைப் பேத்து எடுத்துட்டான். விவரம் தெரிஞ்சவன் கை இல்ல இது. கூடை தூக்கறவன் கை. எருமை மேய்க்கறவன்கூட இதைவிடச் சுத்தமா வெட்டுவான். சுவரைப் பார்க்கத் தெரியாத குருட்டுப் பய எவனோ..."

"எங்க?"

குரல் ஹுமைதியுடையது.

"எங்க என்ன?"

"எங்க பேத்திருக்கு? அரைச் செங்கல் எங்க பேத்திருக்கு?"

"வடக்கு மூலையில, உஸ்தா. பாதிக் கல்லு போயிருக்கு."

"அது பாதிக் கல்லு இல்ல!" மனுஷன் மீசை துடித்தது. "அது அரைக் கல்லாவே வச்சது! மூலை திரும்பற இடத்துல அரைக் கல்லு வச்சுத்தான் கட்டுவாங்க. நாலாயிரம் வருஷமா அப்படித்தான் கட்டறாங்க. அதோட ரெண்டு பக்கமும் சாந்து அப்படியே இருக்கு, நான் ஒரு துளி சாந்தைக்கூட உதிர்க்கல. பேத்துட்டாங்களாம்! என் பிக்காசு ஒரு செங்கல்லைத் தொட்டுச்சுன்னு இந்த நாட்டுல எவனாவது..."

அங்கே நிறுத்தினார். நிறுத்திப் பிரயோஜனமில்லை. மற்ற இரண்டு ஷிர்காத்துக்காரர்களும் மெதுவாக இரண்டடி நகர்ந்து நின்றார்கள்.

ஏட்டு தகீல் கையிலிருந்த சங்கிலியையும் ஹுமைதியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே கைவிலங்குதான் கொண்டுவந்திருக்கிறார், பாவம்.

உம்மு ரசன்தான் முதலில் வாய் திறந்தார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உஸ்தா, காலைலேருந்து எங்க வீட்டுக்காரர் உங்க கண்ணு முன்னாடி விலங்கோட நிக்கறார். நீங்க வாயைத் திறக்கல. காலைல நான் சுட்ட ரொட்டியை வாங்கித் தின்னீங்க. அப்பவும் திறக்கல. ஒரு செங்கல்லைச் சொன்னதும் திறந்துட்டீங்களே."

ஹுமைதி தலை குனிந்தார். எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது என்று சொன்னேன். அந்த நிமிஷம் அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"நான் எதையும் எடுக்கல" என்றார் தரையைப் பார்த்து. "சோதனைக் குழின்னு சொன்னாங்க. வெள்ளிக்கிழமை போடு, யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. நான் சுத்தமாத் தோண்டி வச்சேன். அச்சும் இல்ல, ஒண்ணும் இல்ல, சுவர் மட்டும்தான் இருந்துது. காலைல வந்து பார்த்தா விளிம்பெல்லாம் மிதிச்சுக் கெடுத்து வச்சிருக்கு, மண்வெட்டி கிடக்கு, அபூ ரசனைப் பிடிச்சிருக்காங்க. ஊர்ல இருக்கற என் பசங்க மூணு பேரும் அடுத்த சீசன் வேலைக்கு ஒரு கையெழுத்தைத்தான் நம்பியிருக்காங்க. பயந்துட்டேன் சித்."

"யாரு சொன்னாங்க சோதனைக் குழின்னு?"

அவர் கண் ஒரு பக்கம் போய்த் திரும்பியது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினோம்.

"அபத்தம்" என்றார் டாக்டர் நஜ்தத். "மாட்டிக்கிட்டவன் மேலதிகாரியைக் கை காட்டறான். குழியை இவன் போட்டான், அச்சை எடுத்தான், காவக்காரனோட பங்கு போட்டான். ரெண்டு பேரையும் ஏத்துங்க."

"நியாயம்" என்றார் சித். கைப்பையிலிருந்து அச்சை எடுத்தார். "நீங்க சொன்னபடி பார்த்தா இது மண்ணுக்குள்ளேருந்து நேரா திருடன் கைக்கு, அங்கேருந்து நேரா மாவு மூட்டைக்கு. நடுவுல எங்கயும் போகல. சரிதானே?"

"சரிதான்."

"அப்ப இதுல மண்ணு எங்க டாக்டர்? ஒவ்வொரு கோட்டுக்குள்ளயும் மாவு இருக்கு, மண் இல்ல. இந்த மேட்டு மண்ணுல உப்பு. ரெண்டு நாள் தண்ணில ஊறவச்சு, பல் பிரஷ் வச்சு, பொறுமையாத் தேய்ச்சாத்தான் போகும். திருடின பொருளுக்குப் பல் தேய்ச்சு விடற திருடனை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல."

"பொம்பளை கழுவியிருப்பா."

"உம்மு ரசன், கையைக் காட்டுங்க."

உம்மு ரசன் இரண்டு கையையும் நீட்டினார். அடுப்பில் வெந்த விரல்கள், வெடித்த நகங்கள்.

"இந்த நகத்துக்கு இவங்க எப்பவாவது பூச்சு போட்டிருப்பாங்களா டாக்டர்?" சித் அச்சின் பின்பக்கத்தை வெயிலுக்குத் திருப்பினார். மூலையில் அந்தப் பட்டாணி அளவு மினுமினுப்பு. "நிறமில்லாத நகப்பூச்சு. ஒரே ஒரு சொட்டு. ஏட்டுக்கு இது என்னன்னு தெரியாது. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கிடைச்ச பொருளைக் கழுவி, காயவச்சு, முதுகுல ஒரு சொட்டு பூச்சு வைப்போம். அது காஞ்சதும் மேல மையால நம்பர் எழுதுவோம். இல்லாட்டி மை மண்ணுக்குள்ள ஊறிடும். இதுல பூச்சு இருக்கு, நம்பர் இல்ல. நம்பர் எழுதக் கூடாதுங்கறதை ஞாபகம் வச்சிருந்தீங்க. பூச்சு வைக்கக் கூடாதுங்கறதைக் கைக்குச் சொல்ல மறந்துட்டீங்க."

டாக்டரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பெட்டிச் சாவி அங்கேதான் இருக்கும். இந்த மேட்டில் ஒரே ஒரு நகப்பூச்சு பாட்டில்தான், அது அவருடைய பூட்டின பெட்டியில்.

"இந்தக் குழியை நீங்க காலைல பார்த்தீங்க" என்றார் சித். "மேல மிதிச்சுக் கெடுத்தீங்க. உள்ள சுவர் பளிச்சுன்னு நின்னுது, அது உங்க கண்ணுல தப்பாவே படல. பதினோரு வருஷமா சுவரைச் சுத்தமாத்தான் பார்க்கறீங்க. திருட்டுக் குழி உள்ளயும் அசிங்கமா இருக்கணும்னு தெரியாத மனுஷங்க நீங்க ரெண்டு பேரும்."

"எனக்கு எதுக்கு இதெல்லாம்? ஒரு மண் அச்சுக்காகவா?"

"அச்சுக்காக இல்ல. வீட்டுக்காக. ஒவ்வொரு வருஷமும் இந்த வீட்டை இடிக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதறீங்க. காரணமில்லாம காவக்காரனை வெளியேத்த முடியாதுன்னு ஒவ்வொரு வருஷமும் பதில் வருது. எல்லாம் ஃபைல்ல இருக்கு. இந்த வருஷம் காரணம் செஞ்சு கொடுத்துட்டீங்க."

"எல்லா வருஷமும் என் அடுப்பை டேப் வச்சு அளப்பான்!" என்றார் உம்மு ரசன். "நான் ரொட்டி நல்லா வருதேன்னு அளக்கறான்னு நினைச்சேன்."

ஏட்டு ஷனாவாவின் விலங்கைக் கழற்றினார். சாவி திரும்பாமல் இரண்டு நிமிஷம் போராடினார். ஷனாவா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு தன் வீட்டைப் பார்த்தார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஜீப்பைத் திருப்பிப் போடலாம் என்று சாவியைக்கூட எடுத்துவிட்டேன்.

டாக்டர் சிரித்தார்.

"சரி. நான்தான். பாக்தாதுக்கு எழுதுங்க, என்னைத் தூக்கட்டும். ஆனா சித், நீங்களும் படிச்சவங்க. அந்தச் சுவர் எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்தீங்களா?"

சித் குழிப் பக்கம் திரும்பினார். பார்த்திருக்கிறார் என்று எனக்கு அப்போது புரிந்தது. குழிக்குள் அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்தது அதற்காகத்தான்.

"நேரா அந்த வீட்டுக்கு அடியில" என்றார் டாக்டர். "சூளைச் சுவர். இந்த நாட்டுலயே பெரிய சூளை அங்க இருக்கு. நான் பதினோரு வருஷமா சொல்றேன், இப்ப சாட்சியும் கிடைச்சாச்சு. சட்டம் தெரியுமில்ல? கட்டடம் புதையல் மேல நிக்குதுன்னு தெரிஞ்சா, அது காவக்காரன் வீடா இருந்தாலும் மந்திரி வீடா இருந்தாலும் இடிக்கணும். நான் குற்றவாளியா இருக்கலாம். சுவர் குற்றவாளி இல்லையே. உங்க அறிக்கைல குழியை எழுதித்தான் ஆகணும். குழியை எழுதினா சுவரை எழுதணும். சுவரை எழுதினா அது எங்க போகுதுன்னு எழுதணும்."

உம்மு ரசனின் கை மெதுவாகக் கீழே இறங்கியது. ஷனாவா மணிக்கட்டைத் தேய்ப்பதை நிறுத்தினார். விலங்கு போய் வீடும் போகிறது என்பதை அவர் ஏட்டை விடச் சீக்கிரம் புரிந்துகொண்டார். இந்த ஆளைக் குழிக்குள் தள்ளி மூடிவிட்டால் என்ன என்று உண்மையாகவே யோசித்தேன்.

சித் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். பொய் எழுத அவருக்குத் தெரியாது. உண்மை எழுத அன்றைக்கு மனமில்லை.

"சுவரைப் பத்தி எழுதணும்னா தோண்டினவரோட வாக்குமூலம் வேணும்" என்றார் கடைசியில். "அதுதான் முறை. உஸ்தா ஹுமைதி, சொல்லுங்க. இந்தச் சுவர் எங்க போகுது?"

டாக்டர் கையைக் கட்டிக்கொண்டார். அவருக்குக் கவலையே இல்லை. ஷிர்காத்துக்காரன் எதில் வேண்டுமானாலும் பொய் சொல்வான், வயதில் சொல்வான், கல்யாணத்தில் சொல்வான். சுவரில் சொல்ல மாட்டான். இருக்கிற சுவரை இல்லை என்று அவர்கள் சொன்னதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. டாக்டர் பதினோரு வருஷமாகத் தோண்டியதெல்லாம் அந்த ஒரு நம்பிக்கையில்தான்.

ஹுமைதி குழிக்குள் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்தார். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக ஷனாவாவின் முகத்தைப் பார்த்தார்.

"எங்கயும் போகல சித்" என்றார். "மூலை திரும்பினதும் முடிஞ்சுபோச்சு. அந்தப் பக்கம் வெறும் மண்ணு."

"பொய்!" டாக்டர் பாய்ந்தார். "ஹுமைதி! நீயா? நீயா இதைச் சொல்றே? சித், இறங்கிப் பாருங்க, கண்ணுக்குத் தெரியுது, செங்கல் செங்கல்லா..."

"நான் ஒருமுறை இறங்கினேன், போதும்" என்றார் சித், எழுதிக்கொண்டே. "பூட்டின பெட்டியில இருக்க வேண்டிய அச்சை மாவு மூட்டைல வச்சவர் சொல்ற சுவரை பாக்தாதுல யாரும் நம்ப மாட்டாங்க டாக்டர். உஸ்தாவோட காதை எல்லாரும் நம்புவாங்க. சாஸிப், சாட்சிக் கையெழுத்துப் போடு."

"எனக்குச் சுவரைப் பத்தி ஒண்ணும் தெரியாதே சித்."

"அதனாலதான் உன்னைக் கேட்கறேன்."

போட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு அழகாக நான் கையெழுத்துப் போட்டதில்லை. பன்னிரண்டு மணிக்கு வேன் வந்தது. ஏட்டு தகீல், கொண்டுவந்த ஒரே கைவிலங்கை வீணாக்காமல், டாக்டரை ஏற்றிக்கொண்டு போனார்.

குழியை மூடச் சொன்னார் சித். கூடைக்காரர்கள் வருவதற்குள் ஹுமைதியே இறங்கிவிட்டார். பிக்காசை வெளியே வீசிவிட்டு, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அந்தச் சுவரின்மேல் போட்டார். அந்தக் கிழவரின் தோள் குலுங்கியது. மறைக்கவும் முயற்சி செய்யவில்லை.

ஷனாவா விளிம்பில் குந்தி உட்கார்ந்தார். நல்ல மனுஷன், அரை நாள் விலங்கில் நின்றவர், அவரே சமாதானம் சொன்னார்.

"விடுங்க உஸ்தா. ஒரு குழிதானே? பயத்துல சும்மா இருந்துட்டீங்க. நான் மறந்துட்டேன். அதுக்குப் போய் அழுவாங்களா?"

ஹுமைதி நிமிரவில்லை. செங்கல்லின் கடைசி வரிசையை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தார், அப்புறம் அதன்மேலும் மண்ணைத் தள்ளினார்.

"அதுக்கு இல்ல, அபூ ரசன்" என்றார்.